பத்து மணிக்குள் திரை தெளிய வேண்டும்

ஒன்பது மணி பத்துக்கு அவள் கணினியை இயக்கியபோது எழுத்துகளின் விளிம்பு கலங்கியிருந்தது. கறுப்பு எழுத்து ஓரளவு பரவாயில்லை. சிவப்பு எழுத்து ஈரத் துணியில் பட்ட மைபோலக் கசிந்து நின்றது. மாதிரி வினாத்தாளைத் திறந்தாள். மருத்துவர் எழுதிய சீட்டின் படம், அதன் கீழே நான்கு விடைகள். சிவப்பில் எழுதியிருந்த மருந்தின் அளவு ஐந்தா எட்டா என்று தெரியவில்லை.

பத்து மணிக்குத் தேர்வு, பன்னிரண்டுக்கு முடியும். வேலையை விட்டுப் பல வருடம் வீட்டில் இருந்துவிட்ட மருந்தாளர்கள் மறுபடி உரிமம் வாங்க எழுதும் தேர்வு. மூன்று தடவைதான் எழுத விடுவார்கள், இது மூன்றாவது. இதிலும் தவறினால் ஒரு வருடப் படிப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் அவளுக்காக ஓர் இடத்தை மாதக் கடைசி வரை காலியாக வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்தே எழுதலாம், கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்ப்பார். ஆனால் முந்தின நாள் பதிவு செய்த கணினியில்தான் எழுத வேண்டும். பத்து மணிக்குள் உள்ளே நுழையாவிட்டால் அவ்வளவுதான்.

பதிவையெல்லாம் செய்து கொடுத்தவன் கொழுந்தன். ஒரு கம்பெனியில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை அவனுக்கு. நேற்று சாயங்காலம் தன் வீட்டிலிருந்தே இணைப்பு எடுத்து எல்லாவற்றையும் முடித்திருந்தான். அவனைப் போனில் பிடித்தாள்.

"பதறாதீங்க அண்ணி. கேபிள் லூசா இருக்கும். கழட்டி மாட்டுங்க."

கழற்றி மாட்டினாள். அப்படியே இருந்தது.

"வேற கேபிள் இருக்கா?"

கணவர் கூடத்து டிவியிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, தூசியும் ஒட்டடையுமாகக் கொண்டுவந்தார். அதை மாட்டினாள். அதே கலங்கல். பழையதையே திரும்ப மாட்டினாள்.

"ரெசல்யூஷன் என்ன காட்டுது?"

படித்துச் சொன்னாள்.

"அது சரியாத்தான் இருக்கு. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க."

அனுப்பினாள்.

"அண்ணி, இங்க பளிச்சுனு இருக்கே. நேத்து சரியாத் தூங்கினீங்களா?"

"என்ன தம்பி, எனக்குக் கண்ணு போயிடுச்சுங்கிறீங்களா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல. பரீட்சை டென்ஷன்ல சில பேருக்கு..."

அறை வாசலில் நின்ற கணவர் உடனே கேட்டார்: "கண்ணுக்கு விடுற சொட்டு மருந்து இருக்கே, எடுத்துட்டு வரவா?"

"அது போன வருஷம் திறந்ததுங்க. மானிட்டருக்கு வேணா விடுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதே படத்தைத் தன் போனில் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு எண்ணும் தெளிவு. எதிர்ச்சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அடியில் அச்சிட்டிருந்த பொடி எழுத்தையும் படிக்க முடிந்தது. அப்படியென்றால் கண் இல்லை. மணி ஒன்பது இருபத்தெட்டு.

"அப்ப மானிட்டருக்கு வயசாயிடுச்சு அண்ணி. அதான்."

அவள் மானிட்டரின் அடியில் இருந்த பொத்தான்களைக் கண்டபடி அமுக்கினாள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டி ஒன்று திரை நடுவில் எழுந்தது. அதன் எழுத்து கல்லில் வெட்டியதுபோல் இருந்தது. பின்னால் வினாத்தாள் கலங்கிக் கிடந்தது.

"தம்பி, மானிட்டர் தன் சொந்த எழுத்தை நல்லாத்தான் காட்டுது. கம்ப்யூட்டர்லேருந்து வர்றது மட்டும்தான் கெட்டுப்போகுது."

"ம்."

மருந்துக் கடையில் வேலை பார்த்த நாளில், உடம்பெல்லாம் தடிப்போடு வருகிறவரிடம் அவள் முதலில் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. அதையே கேட்டாள்.

"நேத்து மத்தியானம் வரைக்கும் நல்லா இருந்துச்சு. நேத்து புதுசா என்ன சேர்த்தீங்க?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. பரீட்சை ஆப் மட்டும்தான்."

"கடைக்கு வர்றவங்களும் இப்படித்தான். ஒண்ணுமே சாப்பிடலம்பாங்க. நாலு தடவை கேட்டா, பக்கத்து வீட்டுக்காரர் குடுத்த மாத்திரை வெளிய வரும். நான் ரெண்டாவது தடவை கேக்கறேன்."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"கிராபிக்ஸ் டிரைவர்னு ஒண்ணு இருக்கு அண்ணி. படத்தை எப்படித் திரைக்கு அனுப்பணும்னு பார்த்துக்கிற சாஃப்ட்வேர். புது வெர்ஷன் வந்திருக்குன்னு காட்டிச்சு. பரீட்சைக்கு நல்லா ஓடட்டுமேனு போட்டுவிட்டேன். அதுல கோளாறு. நிறத்தைக் குறைச்சு அனுப்புதாம். படம் கம்ப்யூட்டருக்குள்ள சரியா இருக்கறதால ஸ்கிரீன்ஷாட்ல தெரியாதாம்."

"'தாம்'னா? யார் சொன்னது?"

"இப்பத்தான் தேடினேன். நிறைய பேர் புலம்பியிருக்காங்க."

"இப்பன்னா எப்ப?"

"...ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

பத்து நிமிடம். டிவி கேபிளின் தூசி இன்னும் அவள் கையில் இருந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"எங்க ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை எவனாவது அப்டேட் போட்டா, லீவுல கெட்டுப்போனா யார் பார்க்கறதுன்னு நானே கத்துவேன் அண்ணி. நான் போய் இப்படி..."

"வருத்தப்படறதை எல்லாம் பன்னெண்டு மணிக்கு மேல வெச்சுக்கலாம். இப்ப என்ன செய்யணும்?"

வெளியிலிருந்து யாரும் இணைப்பு எடுக்கமுடியாதபடி தேர்வு ஆப் தடுத்திருந்தது. அவளேதான் செய்ய வேண்டும். அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாள். கடைசியில் பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் வந்தது. மணி ஒன்பது நாற்பத்தொன்று.

"ஒரு விஷயம் அண்ணி. ரீஸ்டார்ட் ஆகும். சில மெஷின்ல திரை வராமலே போயிருக்கு."

"சில மெஷின்னா எத்தனை?"

"தெரியல."

தொடாமல் விட்டால் உள்ளே போகலாம். மருந்தளவை ஊகித்து எழுதலாம். ஊகித்து மருந்து கொடுக்கிறவளுக்கு எதற்கு உரிமம் என்று தோன்றியது. அமுக்கினாள்.

திரை கறுத்தது. பெட்டிக்குள் விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. நாற்பத்தாறு. ஒரு சின்னம் தோன்றியது, அதன் கீழே புள்ளிகள் வட்டமாக ஓடின. நாற்பத்தெட்டு. புள்ளிகள் நின்றன, மறுபடி கறுப்பு.

"ஆச்சா?" என்றார் கணவர்.

"பேசாதீங்க."

"நான் என்ன..."

"மூச்சும் விடாதீங்க."

ஐம்பத்திரண்டில் திரை வந்தது. கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். வினாத்தாளைத் திறந்தாள். சிவப்பு எழுத்து கசியாமல் நின்றது. அளவு எட்டு. போனில் பார்க்காமல் இருந்திருந்தால் ஐந்து என்றே முடிவு செய்திருப்பாள்.

"வந்திருச்சு தம்பி."

"அப்பாடா! தானா அப்டேட் ஆகறதை ஒரு வாரத்துக்கு நிறுத்துங்க. இல்லன்னா அதுவே திரும்பப் போட்டுக்கும்." அதையும் செய்தாள். அவன் குரல் இறங்கியது. "அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லாதீங்க."

போனின் ஒலிபெருக்கி முதலிலிருந்தே திறந்திருந்தது. கணவர் கையை நீட்டினார். "குடு இப்படி. அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

தேர்வு அறையில் போன் இருக்கக் கூடாது. கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

"ஏங்க, ஒரு வார்த்தைகூட அவரைத் திட்டக் கூடாது. நடுவுல திரை போச்சுன்னா எனக்கு அவர்தான் வேணும். பன்னெண்டு வரைக்கும் லைன்லயே இருக்கச் சொல்லுங்க."

"பன்னெண்டுக்கு அப்புறம்?"

"அப்புறம் உங்க தம்பி, உங்க இஷ்டம்."

கதவைச் சாத்தினாள். ஐம்பத்தேழுக்கு அடையாள அட்டையைக் கேமராவுக்குக் காட்டினாள். அறையை ஒரு சுற்று காட்டச் சொன்னார் கண்காணிப்பாளர். தரையில் கிடந்த டிவி கேபிளைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். சொன்னாள். அதை அறைக்கு வெளியே வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஐம்பத்தொன்பது.

முதல் கேள்வி வந்தது. அதன் எண்களைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது திரையின் மூலையில் ஒரு செய்தி மின்னியது: 'தேர்வர் திரைக்கு மிக அருகில் இருக்கிறார். சற்று விலகி அமரவும்.'

நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அங்கிருந்தும் எண்கள் தெரிந்தன. விடையை அமுக்கிவிட்டு இரண்டாவது கேள்விக்குப் போனாள்.