அத்தை வீட்டு இரும்புக் கதவு

ஹார்டுவேர் கடையில் டிரில் மெஷின் விற்கிறவன் அவன். விற்பதோடு சரி. வீட்டில் ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிடுகிற ரகம். வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

போன வாரம், தனியாக இருக்கும் அவன் மாமியார் வந்தது யாரென்று பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே நுழைந்தவன் கையில் அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து மணி அடித்தாலே அவள் கதவுப் பக்கம் போவதில்லை. தடித்த இரும்புக் கதவு. வெளியே நிற்பவரைப் பார்க்க அதில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி பொருத்த வேண்டும். கதவின் மேல்பக்கம், பழைய தாழ்ப்பாளைக் கழற்றிய இடத்தில், விரல்கூட நுழையாத ஓட்டை ஒன்று ஏற்கெனவே இருந்தது.

“வெல்டரைக் கூப்பிடுங்க,” என்றாள் மனைவி.

“இருக்கிற ஓட்டையைப் பெருசாக்கறதுதானே, இது என்ன கம்பசூத்திரமா? நானே பாத்துக்கறேன்.”

மாமியார் வீட்டு வாசலில் நின்று, டிரில்லில் வட்டமாக ஓட்டை வெட்டும் ரம்பத்தை மாட்டினான். ரம்பத்தின் நடுவில் இருக்கும் சின்ன பிட் இரும்பைக் கடித்துப் பிடித்தால்தான் ரம்பம் இடம் மாறாமல் சுற்றும். ஓட்டைக்குள் கடிக்க இரும்புக்கு எங்கே போக? விசையை அழுத்தியதும் ரம்பம் துள்ளி, கதவெங்கும் பிறை பிறையாகக் கீறிவிட்டு அவன் முகத்துக்கு நேராக வந்தது. மனைவி போனில் வெல்டர் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வேறு வழியில்லாமல் தன் கடைக்கே போன் போட்டு, குரலை மாற்றிக்கொண்டு, யாரோ வாடிக்கையாளர் போல விசாரித்தான்.

“அதே ரம்பத்தால மொதல்ல ஒரு பலகையில ஓட்டை போடுங்க சார். அந்தப் பலகையைக் கதவு மேல வச்சு கிளாம்ப் போட்டு இறுக்குங்க. பலகை ஓட்டைக்குள்ள ரம்பத்தை விட்டா நகராது,” என்றான் கூட வேலை செய்கிறவன். “எங்க கடையில அண்ணன் ஒருத்தர் இருக்காரு, இதுல கில்லாடி. இன்னிக்கி லீவு.”

மானம் கப்பலேறியது. கில்லாடி பலகையைத் தேடிப் போனான்.

எண்ணெய் விட்டு, மெதுவாகச் சுற்ற, இரும்பு வளையம் ஒன்று கழன்று விழுந்தது. கண்ணாடியைப் பொருத்திக் கண்ணை வைத்தான். தெரு முழுக்கத் தெரிந்தது. தன்னை மெச்ச வேறு ஆள் இல்லாததால் தானே மெச்சிக்கொண்டான்.

“அத்தை, வந்து பாருங்க.”

அத்தை வந்தாள். எக்கினாள். கண்ணாடி அவள் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அவன் உயரத்துக்குக் கச்சிதம். இந்த வீட்டில் இருக்கப்போவது யார் என்பது அந்த மண்டையில் ஏறவே இல்லை.

“நாளைக்கே கீழ ஒண்ணு போட்டுத் தரேன் அத்தை,” என்றான் அசடு வழிந்தபடி.

“எதுக்கு மாப்பிள்ளை? யாருன்னு பாத்துட்டா மட்டும் பயம் போயிடுமா? தனியா இருக்கத்தான் பயமா இருக்கு.” முந்தானையால் கதவின் கீறல்களைத் துடைத்தாள். “உங்களுக்கு எட்டுதுல்ல. நீங்க ரெண்டு பேரும் இங்க வந்து இருந்துடுங்களேன்.”

எதையாவது சொல்லிச் சிரித்து மழுப்பத்தான் வாயைத் திறந்தான். அவளோ போகாத கீறல்களை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சரி அத்தை,” என்றான்.

மனைவி அவனையே பார்த்தாள். வழக்கம்போல யோசிக்காமல் வாயை விட்டுவிட்டான். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்க அவனுக்குத் தோன்றவில்லை.