ரொட்டி வண்டியின் பிரேக்

மழை தொடங்கியதிலிருந்தே எங்கள் பேக்கரி டிரைவர் பெயிட்வாவின் வண்டியில் பிரேக் சரியில்லை. மிதித்தால் கால் தரைவரை போகும். திரும்பத் திரும்ப அடித்து மிதித்தால்தான் கொஞ்சமாவது பிடிக்கும். கபாலேயிலிருந்து கிசோரோவுக்கு ரொட்டி கொண்டுபோகிற எங்களுக்கு, கனாபா மலை இறக்கத்தில் அப்படி ஒரு வண்டியை ஓட்டுவது எப்படியிருக்கும் என்று தெரியும்.

பேக்கரி முதலாளி முகரூராவுக்கும் தெரியும். பெயிட்வா என் கண் முன்னால்தான் அவரிடம் சொன்னான்.

"ஐயா, ஒருநாள் வண்டியப் பட்டறையில விடுங்க. பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது."

"ஒருநாள் நின்னா கிசோரோக்காரன் வேற பேக்கரிக்குப் போயிடுவான். நீதான் கெட்டிக்கார டிரைவராச்சே, கியர்ல இறக்கு."

"எதிர்ல லாரி வந்தா?"

"அதுக்குத்தானே ஆரன் வச்சிருக்கு!" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை தோறும் எங்களை வரிசையாக நிற்கவைத்து, 'உங்க உயிர்தான் எனக்கு முக்கியம்' என்று பேசுகிறவரும் அவர்தான். நாங்களும் கைதட்டுவோம்.

அந்த வாரமே அது நடந்தது. காலை மூடுபனி. நான் இன்னொரு வண்டியில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். கனாபா வளைவில் சாலையோரக் கல் பெயர்ந்து கிடந்தது. கீழே சரிவெங்கும் ரொட்டிகள். உருளைக்கிழங்குக் கொல்லையில் வேலை செய்த பெண்கள் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார்கள். ஒருத்தரும் ஒரு ரொட்டியைக்கூடத் தொடவில்லை. வண்டி தலைகுப்புறக் கிடந்தது. பெயிட்வாவின் வலது கால் பிரேக் மிதியில் சிக்கியிருந்தது. அதை எடுத்துவிட்டவன் நான்.

மறுநாள் பிணவறை முற்றத்துக்கு ஒரு ரொட்டி வண்டி வந்தது. கழுவி, பூக்கட்டி, முதலாளியே அனுப்பியிருந்தார். ஓட்டச் சொன்னது என்னை. பின்னாலேயே அவரும் காரில் வந்து இறங்கினார். பெயிட்வாவின் ஊர் புன்யோன்யி ஏரிக்கரை மலையில் இருந்தது. அங்கே போக ஒரு செங்குத்தான இறக்கம் உண்டு.

சவப்பெட்டியை வண்டியில் ஏற்றினோம். பெயிட்வாவின் மனைவி கெம்பபாசி அழாமல் நின்றாள். முதலாளி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, பெயிட்வா எனக்குத் தம்பி மாதிரி. என் வண்டியிலயே கௌரவமா ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்."

"சரிங்க. அப்போ முன்சீட்டுல நீங்க உக்காருங்க."

"நான் கார்ல பின்னால வர்றேன்மா."

"தம்பின்னீங்களே? தம்பிகூடவே வாங்க."

கூட்டம் அவரையே பார்த்தது. வேறு வழியில்லாமல் கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "ஏன்டா, இதுல பிரேக் பிடிக்குமா?" என்றார்.

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் முற்றம் அவ்வளவு அமைதியாக இருந்தது. எல்லோர் காதிலும் விழுந்தது.

"அடிச்சு அடிச்சு மிதிச்சா பிடிக்கும் ஐயா," என்றேன்.

அவர் காலைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"பெட்டிய வெளிய எடுங்க," என்றாள் கெம்பபாசி. "செத்த பிறகாவது இந்த மாதிரி வண்டியில என் புருஷன் போக வேண்டாம்."

பெயிட்வாவின் ஊர்த் தூளிச் சங்கத்து ஆட்கள் வந்திருந்தார்கள். நோயாளியானாலும் பிணமானாலும் மலைகளில் தோளில் சுமக்கிறவர்கள் அவர்கள்தான். சவப்பெட்டியைத் தூளியில் வைத்து, கபாலேயிலிருந்தே தூக்கினார்கள். ஓட்டுநர்கள் நாங்களும் தோள் மாற்றிக்கொண்டோம். ஏரி தெரிந்த மேட்டில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். முதலாளியின் கார் வரவில்லை.

அடக்கம் முடிந்து வேலைக்கு வந்த காலையில் டிரைவர்கள் ஒருவரும் வண்டிச் சாவியைத் தொடவில்லை.

"வேற ஆள் வச்சுக்குவேன்டா!" என்று கத்தினார் முதலாளி.

"வைங்க ஐயா," என்றார் எங்களில் மூத்தவரான கஜாங்கு. "முதல்ல நீங்க ஒருதடவ கனாபாவுல ஓட்டிக் காட்டுங்க. வர்றவன் பாத்துக் கத்துக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. தட்டுகளில் ரொட்டி காய்ந்தது. மதியத்துக்குள் மெக்கானிக் வந்தான். சக்கரங்களைக் கழற்றியபோது எல்லா வண்டியிலும் பிரேக் கட்டை இரும்புவரை தேய்ந்திருந்தது. எல்லாவற்றையும் மாற்றினார்கள்.

காவல் நிலையப் பதிவில் இன்னமும் 'ஓட்டுநர் வேகமாக ஓட்டியதால் விபத்து' என்றே இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி கெம்பபாசி போகும்போதெல்லாம் சாட்சி சொல்ல நானும் கூடப் போகிறேன். உட்காரச் சொல்கிறார்கள், பிறகு இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள்.

இப்போது பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. கனாபாவில் அது பிடிக்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதி வருவதில்லை. இந்த ஒருநாள் வேலையைத்தானே பெயிட்வா கேட்டான் என்று வயிறு எரிகிறது.