எதிராளியின் கடைவாய்ப்பல்

அக்காவைத் தேர்தலில் நிற்கவைத்தது தம்பிதான். அந்த ஊருக்கு இருக்கிற ஒரே பல் டாக்டர் அவள். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவளுக்கு மனப்பாடம். இதைவிட என்ன அறிமுகம் வேண்டும் என்று கேட்டான். சோப்பு விளம்பரக் கம்பெனியில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவன் அவன். நகராட்சித் தலைவர் பதவி என்ன, சோப்பு விற்பதைவிடக் கஷ்டமா என்கிற தைரியம். கிளினிக்கின் முன்னறையில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே ஒரு மேஜையைப் போட்டு, அதற்குப் பிரச்சார அலுவலகம் என்று பெயரும் வைத்துவிட்டான். பல்வலியோடு வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே துண்டறிக்கை வாங்கிப் போனார்கள்.

எதிர்த்து நின்றவர் ஹார்டுவேர் கடைக்காரர். ஆணி வாங்கப் போனவனைப் பேசிச் சிரிக்கவைத்து, ஒரு சுத்தியலையும் தலையில் கட்டி அனுப்புகிற வாய் அவருக்கு. நூலக மண்டபத்தில் இருவருக்கும் நேருக்கு நேர் விவாதம் என்று அறிவித்ததிலிருந்து தம்பி பேச்சுக் குறிப்புகளாக எழுதித் தள்ளினான். அக்காவோ "வாயைத் திறங்க", "துப்புங்க" என்பதற்கு மேல் யாரிடமும் பேசிப் பழகாதவள்.

விவாதத்தன்று மதியம், கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஹார்டுவேர்காரரே வந்து நின்றார். வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. தம்பியின் மேஜையில் அவரைக் கிண்டலடித்து அச்சடித்த துண்டறிக்கைகள் கிடந்தன. அவற்றின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து மூடிவிட்டு, மரியாதையாக உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே பாய்ந்தான்.

"அக்கா, நான் தப்பு எதுவும் பண்ணச் சொல்லல. வலிக்கு மாத்திரை குடுத்து நாளைக்கு வரச் சொல்லு. அவ்வளவுதான்."

"சீழ் வச்சிருக்கும் போலிருக்கு. நாளைக்கு இன்னும் மோசமாயிடும்டா."

"இன்னிக்கு ஒரு நாள் அவர் வாயைத் திறக்கலேன்னா நாம ஜெயிச்சோம்."

"வாயைத் திறக்கத்தான் இங்க வந்திருக்கார். அனுப்பு உள்ள."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தவனுக்கு, உள்ளே அக்கா ஊசியை எடுப்பதைப் பார்த்ததும் மூளையில் பல்பு எரிந்தது. மருந்தில் வாய் மரத்துப்போனால் சாயங்காலம் விவாதம் முடியும்வரை பேச்சு குழறுமே! தர்மமும் கெடவில்லை, காரியமும் ஆயிற்று. அவன் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், அக்கா உள்ளே அதையே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். விவாதத்தைத் தள்ளிவைக்கும்படி தானே மண்டபத்துக்குப் போன் செய்வதாகவும் சொன்னாள். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். நல்லவேளை, தள்ளிவைத்தால் பயந்து ஓடிவிட்டதாக ஊர் பேசும் என்று ஹார்டுவேர்காரர் மறுத்துவிட்டார்.

சும்மா இருக்க முடியாமல் தம்பி கதவிடுக்கு வழியாகப் போனில் ஒரு படம் எடுத்தான். எதிராளியின் வாய்க்குள் குனிந்திருக்கும் அக்கா. 'எதிரிக்கும் இரங்கும் கைகள்' என்று வாசகம்கூடத் தயாராகிவிட்டது. அவர் போனதும் ஆசையாகக் காட்டினான். அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களின் வாயைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாது என்று சொல்லி, அழிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. அக்கா சாக்கடையைப் பற்றித் திக்கித் திணறி, ஆனால் விஷயத்தோடு பேசிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்து ஹார்டுவேர்காரர் எழுந்தார். வாய் ஒரு பக்கமாக இழுக்க, முதல் வாக்கியமே குழறியது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

தம்பிக்குப் பக்கத்தில் இருந்தவர் அவன் காதோரம் சாய்ந்தார். "என்னப்பா, நல்லா ஏத்திட்டு வந்திருக்காரா?"

பதில் சொல்லாமல் இருந்தால் போதும். வதந்தி கடைசி வரிசைக்குப் போவதற்குள் ஒரு கிளாஸ் ஒரு பாட்டிலாகிவிடும்.

"இல்லைங்க. அவர் குடிக்கல. எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று அவர் கேட்பதற்குள் ஹார்டுவேர்காரரே போட்டு உடைத்தார். "மன்னிச்சுக்குங்க. பாதி வாய்தான் இன்னிக்கு என் பேச்சைக் கேக்குது. மீதி டாக்டரம்மா ஊசி போட்டது. நாளைக்கு வான்னு அவங்க என்னை அனுப்பியிருக்கலாம். அனுப்பல."

கைதட்டல் கூரையைத் தொட்டது. எதிராளியே ஓட்டுக் கேட்கிறாரே என்று தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. கைதட்டல் ஓயும்வரை அவர் பொறுமையாக நின்றார்.

"இப்படிப்பட்ட கையைக் கொண்டுபோய் ஃபைல்ல கையெழுத்துப் போட உக்கார வச்சுட்டா, அப்புறம் நம்ம பல்லை யாருங்க பாக்கிறது?"

தம்பி திரும்பிப் பார்த்தான். வரிசை வரிசையாக ஜனங்கள் நாக்கால் தங்கள் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதை முடிந்தது என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அக்கா தோற்றாள். வருத்தம் இருந்தது. ஆனால் அதில் மூழ்கிக் கிடக்க நேரமில்லாதபடி மறுவாரம் கிளினிக்கில் கூட்டம் அலைமோதியது. வந்தவர்கள் எல்லாரும், அவள் இங்கேயே இருக்கட்டும் என்றுதான் ஹார்டுவேர்காரருக்கு ஓட்டுப் போட்டதாக நெளிந்துகொண்டே ஒப்புக்கொண்டார்கள். டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த தம்பி ஒவ்வொருவரையும் கடித்துத் துப்பிவிடுகிற மாதிரி பார்த்தான்.

"இன்னொரு பல் டாக்டர் இருந்திருந்தா உங்க அக்காவுக்குத்தாம்ப்பா போட்டிருப்போம்" என்றார் வரிசையில் நின்ற தபால்காரர்.

தம்பி டோக்கன் கட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, மூலைக்குப் போய் இன்னொரு டாக்டர் கேட்டுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போன் போட்டான்.