ஆக்சிஜன் டேங்குக்குள் இரண்டு சகலைகள்

வாஷிங் மெஷின் படியில் உருண்ட நாளிலிருந்து சகலைகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

பெரிய சகலை லிப்ட் மெக்கானிக். சின்ன சகலை டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அக்காவைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவர் இவர். மாமியார் மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருந்தார். அவருக்குப் புது மெஷின் வந்த அன்று அந்தக் கட்டடத்தில் லிப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது பெரியவர் வேலை பார்க்கும் கம்பெனியின் லிப்ட் இல்லை. "அந்த ரோப்பை நம்பி நான் ஒரு தலகாணியைக்கூட ஏத்த மாட்டேன்" என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் இருவரும் படிவழியாகத் தூக்கினார்கள். மூன்றாவது மாடிக்கு இன்னும் ஒரே ஒரு திருப்பம் இருக்கும்போது மெஷின் கைநழுவியது. அதன் மூலை பெரியவரின் பாதத்தில் இறங்கியது. எட்டிப் பிடிக்கப் போன சின்னவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. மெஷின் மட்டும் யாருடைய தயவும் இல்லாமல் கீழ்த்தளம் வரை போய், வாசற்கதவருகே நிமிர்ந்து நின்றது.

"நீதான் முதல்ல விட்டே" என்றார் பெரியவர், படியில் உட்கார்ந்தபடியே.

"சத்தியமா நான் விடலை. நீங்கதான் விட்டீங்க" என்றார் சின்னவர்.

அதற்குப் பிறகு பேச்சு நின்றது. அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொள்ளும்போது, பின்னால் டிவி பார்க்கும் கணவர்களின் இருமல் மட்டும் இரு பக்கமும் கேட்கும்.

பெரியவருக்குச் சர்க்கரை உண்டு. பாதத்தில் புண் ஆறுவேனா என்றது. காற்றழுத்தம் கூட்டிய ஆக்சிஜன் சேம்பரில் உட்கார்ந்து வந்தால் ஆறும் என்று டாக்டர் சொன்னார். சின்னவரின் தோளைப் பற்றிக் கேட்டதற்கு, "தோளுக்கு அது அவ்வளவு தேவையில்லை. ஆனா கெடுதலும் இல்லை" என்றார். சின்னவருக்கு அது போதுமாக இருந்தது. விளையாட்டு வீரர்களெல்லாம் உடம்பு தேற அதில்தான் படுக்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தார். ஊரில் அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சகோதரிகள் இருவரும் கூடிப் பேசி, கணவர்களிடம் வாயே திறக்காமல், ஒரே நேரத்துக்குப் பதிவு செய்துவிட்டார்கள்.

அந்த நிலையம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று ஓர் இரும்பு உருளை. பால் வண்டியின் டேங்கைக் கழற்றி வைத்தது போலிருக்கும். பக்கத்துக்கு இரண்டு வட்டச் சன்னல்கள். உள்ளே நான்கு நாற்காலிகள், எதிரும் புதிருமாக. வெளியே அழுத்தமானிகள் நிறைந்த பலகைக்கு முன்னால் ஆபரேட்டர் பெண் உட்கார்ந்திருப்பார். அவருக்கு எப்போதும் மென்மையான குரல்.

"போன், வாட்ச், லைட்டர் எதுவும் கூடாது. சென்ட் கூடாது. தலைக்கு எண்ணெய் கூடவே கூடாது. நாங்க தர பருத்தி கவுனை மட்டும் போட்டுக்கங்க. காது அடைச்சா மூக்கைப் பிடிச்சுட்டு ஊதுங்க."

பெரியவர் தலைக்கு மூன்று முறை ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டு, முழங்கால் தெரியும் வெள்ளை கவுனோடு உள்ளே குனிந்து நுழைந்தார். எதிர் நாற்காலியில் அதே கவுனில் சின்னவர் உட்கார்ந்திருந்தார். திரும்பி வெளியேறலாம் என்று பெரியவர் யோசிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. உஸ் என்று காற்று இறங்கியது. இருவரும் கோபத்தோடு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

மூலை நாற்காலியில் இன்னொருவரும் இருந்தார். கனத்த ஆள். ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர். வாழ்நாள் முழுக்க ஓடித் தேய்ந்த முழங்கால்களுக்காக வந்திருந்தார்.

உள்ளே ஒரு நடைமுறை உண்டு. மாஸ்க் போட்டு ஆக்சிஜனை இழுக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆபரேட்டர் சொல்வார், "மாஸ்க்கைக் கழட்டுங்க, சாதாரணக் காத்து வாங்குங்க." சில நிமிடம்தான். பிறகு மறுபடி மாஸ்க்.

முதல் இடைவேளையில் பெரியவர் மாஸ்க்கைக் கழற்றியதும் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "சிலருக்கு ஒரு பொருளைப் பிடிக்கத் தெரியாது. ஸ்டியரிங்கை மட்டும்தான் பிடிக்கத் தெரியும்."

அழுத்தத்தில் குரல் மூக்கால் வந்தது. வாத்து திட்டுவது போல இருந்தது. ஆனாலும் வார்த்தை சுருக்கென்றுதான் பட்டது.

சின்னவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். "மாஸ்க் போடுங்க" என்றது ஸ்பீக்கர்.

அந்த அரை மணி நேரம் சின்னவர் வாழ்க்கையிலேயே நீண்ட அரை மணி. சுத்தமான ஆக்சிஜன் மூளைக்கு ஏற ஏற, பதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றின. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் தவித்தார். மாஸ்க்கைக் கழற்றச் சொன்னதும், "ஓடற லிப்டை விட்டுட்டுப் படியேறச் சொன்னது யாரு?" என்று கத்தினார்.

பெரியவர் அதற்குப் பதிலை அடுத்த நாள் வரை சுமந்துகொண்டு போனார்.

இப்படிச் சண்டை தவணை முறையில் நடந்தது. சாதாரணமாக வீட்டில் நடந்திருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் கத்தி, ஒன்றும் புரியாமல் முடிந்திருக்கும். இங்கே ஒருவர் பேசியதை மற்றவர் முழுசாக மென்று விழுங்கி யோசித்த பிறகே பேச முடிந்தது. அதனால் ஒவ்வொரு வார்த்தையும் கூர் ஏறி வந்தது. "நான் படியில பிரேக் போட்டேன், தெரியுமா?" என்றார் சின்னவர் ஒருநாள். பயந்தால் வலது காலை அழுத்துவது அவர் தொழில் பழக்கம். "அதான் தப்பு. மெஷினுக்குக் கிளட்ச் பிடிச்சிருக்கணும்" என்றார் பெரியவர், மறு இடைவேளையில். நடுவர் மாஸ்க்குக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

நடுவரால் சும்மா இருக்க முடியவில்லை. விசிலுக்கும் அட்டைக்கும் உள்ளே அனுமதி இல்லை. வெறும் கையை உயர்த்துவார். அதில் மஞ்சள் அட்டை இருப்பதாக எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும். "மாமியார் வீட்டை இழுக்கக் கூடாது. ஃபவுல்!" என்பார். ஒருமுறை பெரியவர் எல்லை மீறி, சின்னவரின் டிரைவிங் ஸ்கூலில் படித்த யாருக்குமே ரிவர்ஸ் வருவதில்லை என்று சொல்லிவிட்டார். நடுவர் விறைப்பாக வெறும் கையை நீட்டினார். சிவப்பு அட்டை. வெளியேற வழியில்லாததால் பெரியவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மீதி நேரம் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெளியே கூட்டம் சேர ஆரம்பித்தது. அக்காவும் தங்கையும் பிளாஸ்கில் டீயோடு வந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கீழே டயர் கடைக்காரர், "இன்னிக்கு எவ்வளவு பிரஷர்?" என்று விசாரிக்கிற சாக்கில் மேலே வந்து அங்கேயே நின்றுவிடுவார். ஆபரேட்டர் பெண்ணும் மாறிவிட்டார். மென்மையான குரலில், "மாஸ்க்கைக் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டு, "நேத்து விட்ட இடத்துலேருந்து" என்று சேர்த்துக்கொள்வார்.

இதற்கிடையில் பெரியவரின் புண் ஓரத்தில் சிவந்து கூடிவந்தது. சின்னவரால் கையைக் காது வரைக்கும் தூக்க முடிந்தது. வழக்கு மட்டும் அங்கேயே நின்றது.

ஒருநாள் நடுவர் பொறுமை இழந்தார். "இப்படி வாயால பேசிட்டிருந்தா ஆயுசுக்கும் முடியாது. நடந்ததை நடத்திக் காட்டுங்க. நான் பார்த்துச் சொல்றேன்."

"மெஷினுக்கு எங்க சார் போறது?" என்றார் சின்னவர்.

நடுவர் யோசித்தார். "நானே மெஷினா இருக்கேன்."

அடுத்த இடைவேளையில் நடுவர் கைகளைக் கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கிக் கூடிய மட்டும் சதுரமானார். மேலே போகிறவர் சின்னவர், கீழே தாங்குகிறவர் பெரியவர். அன்று இருந்தபடியே.

"என்ன பண்றீங்க? எல்லாரும் உட்காருங்க!" என்றது ஸ்பீக்கர்.

"ஒரு நிமிஷம்மா. சாட்சி விசாரணை" என்றது மெஷின்.

தூக்கினார்கள். மனிதர் நிஜ மெஷினைவிடக் கனம். பெரியவரின் முகம் சிவந்தது. இல்லாத படிகளில் சின்னவர் ஒவ்வொரு காலாகப் பின்னுக்கு எடுத்து வைத்தார். வெளியே சன்னல்களில் முகங்கள் ஒட்டிக்கொண்டன.

சரியாக அந்த நேரத்தில்தான் மாமியார் அறைக்குள் நுழைந்தார். மகள்கள் இருவரும் தினமும் எங்கே போகிறார்கள் என்று தெரியாமல் தேடிக்கொண்டு வந்தவர். வட்டச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். இரண்டு மாப்பிள்ளைகளும் கவுன் போட்டுக்கொண்டு ஒரு பெரிய மனிதரைத் தூக்கிச் சுமப்பதைக் கண்டு பதறிப்போனார். மைக்கை இழுத்தார்.

"ஐயோ, விடுங்க மாப்பிள்ளை! எதுக்கு உங்களுக்கு இந்தச் சிரமமெல்லாம்?"

இருவரும் ஒரே நேரத்தில் விட்டார்கள்.

நடுவர் தரையில் விழுந்த சத்தம் இரும்பு உருளைக்குள் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டேயிருந்தது.

சகலைகள் வெறுங்கையோடு நின்றார்கள். சின்னவரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பெரியவர் மெல்லச் சன்னலைப் பார்த்தார். பிறகு சின்னவரைப் பார்த்தார். மாமியார் அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்வார். தட்டைக் கழுவப் போனால், "விடுங்க மாப்பிள்ளை." பையை வாங்கப் போனால், "விடுங்க மாப்பிள்ளை." கல்யாணமான நாளிலிருந்து இருவரும் அதற்குக் கீழ்ப்படிந்தே பழகியவர்கள். அது காதில் விழும் வார்த்தையாகவே இல்லை, கைக்கு நேராகப் போய்விடும்.

"தம்பி" என்றார் பெரியவர், வாத்துக் குரலில். "அன்னிக்கும் அத்தை மேல நின்னுட்டு இதைத்தான் சொன்னாங்க."

"ஆமாண்ணே" என்றார் சின்னவர். "நாம ரெண்டு பேரும்தான் விட்டோம்."

"தீர்ப்பு அப்புறம்" என்று தரையிலிருந்து நடுவர் முனகினார். "என்னால எந்திரிக்க முடியலை."

வெளியே ஒரே களேபரம். "கதவைத் திறம்மா, விழுந்துட்டாரே!" என்று மாமியார் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார். ஆபரேட்டர் பெண் அவரை விலக்கினார். "இப்போ பத்துப் பேர் இழுத்தாலும் திறக்காதும்மா. உள்ளே இருக்கிற காத்து கதவை அமுக்கிட்டு நிக்குது. மெதுவாத்தான் அதைக் குறைக்க முடியும்." குமிழைத் திருகினார். உள்ளே காற்று குறையக் குறைய நல்ல குளிர் பிடித்தது. சகலைகள் நடுவரை நடுவில் கிடத்தி, இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். பெரியவர் அங்கே தந்திருந்த பருத்தித் துண்டை அவர் மேல் போர்த்தினார். சின்னவர் அவருக்குக் காது அடைக்காமல் இருக்கத் தண்ணீர் கொடுத்தார். குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய மனிதக் குரல்களாக ஆகிக்கொண்டிருந்தன. இருமும்போது அது தெரிந்தது.

கதவு திறந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி: "நான் எங்கப்பா விடச் சொன்னேன்? சிரமப்படாதீங்கன்னுதானே சொன்னேன்?"

"ஆமாங்க அத்தை" என்றார்கள் இருவரும்.

நடுவருக்கு வால் எலும்பில் விரிசல். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், பெரியவரின் பாதத்தையும் சின்னவரின் தோளையும் சேர்த்தே பார்த்துவிட்டு, சிகிச்சை அருமையாக வேலை செய்திருப்பதாகச் சொன்னார். இருவருக்கும் இனி ஆக்சிஜன் தேவையில்லை. நடுவருக்குத்தான் நீட்டிக்க வேண்டியிருந்தது. அவருக்கோ தானாக உட்காரவும் எழவும் முடியாது. பிள்ளைகள் வெளியூரில். சகலைகள் இருவரும் கவுனை வாங்கி மாட்டிக்கொண்டு அவரோடு உள்ளே போனார்கள். நடுவர் காற்றடைத்த வளையத்தின் மேல் உட்காரலாமா என்று கேட்டதற்கு, அழுத்தத்தில் அது சுருங்கிவிடும் என்று ஆபரேட்டர் மறுத்துவிட்டார். அதனால் பெரியவர் ஒரு பருத்தித் தலையணையை நடுவில் வெட்டித் தைத்துக் கொண்டு வந்தார்.

முதல் இடைவேளையில் மாஸ்க்கைக் கழற்றினார்கள். பெரியவர் புன்னகைத்தார். சின்னவரும் புன்னகைத்தார். "சாப்பிட்டாச்சா தம்பி?" "ஆச்சுண்ணே." மறுபடி மாஸ்க். இரண்டாவது இடைவேளையிலும் அதே புன்னகை, வெயில் அதிகம் என்ற பேச்சு. சன்னல்களில் ஒரு முகம்கூட இல்லை. டயர் கடைக்காரர் மேலே வருவதையே விட்டுவிட்டார்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த நடுவர் கடைசியில் தாங்க முடியாமல் சொன்னார்: "எனக்கு இடுப்பு வலிகூடத் தெரியலை, இந்த மரியாதைதான் வலிக்குது. ஏதாவது சண்டை போடுங்கப்பா."

"எதுக்கு சார் போடறது?" என்றார் சின்னவர் வருத்தத்தோடு. "ஒண்ணுமே பாக்கி இல்லையே."

மாஸ்க் போடச் சொல்லிவிட்டார்கள். அந்த அரை மணியும் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, ஆக்சிஜனை ஆழமாக இழுத்துத் தீவிரமாக யோசித்தார். மாஸ்க்கைக் கழற்றியதும் சின்னவரை நேராகப் பார்த்தார்.

"தம்பி, உன் மீசை எனக்குப் பிடிக்கலை."

சின்னவரின் முகத்தில் அத்தனை நாள் காணாத வெளிச்சம் வந்தது. "எப்போலேருந்து?"

"உன் கல்யாணத்தன்னிக்கே."

நடுவர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வெறும் கையைத் தயாராக வைத்துக்கொண்டார்.