முதுகில் இருபத்துநாலு பொட்டு

கம்சனாவின் முதுகு நனையக்கூடாது. ஐந்தே ஐந்து நாள். திங்கள் தொடங்கி வெள்ளி வரை குளிக்காமல் இருப்பது ஒரு பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு சிறிய சுழியோடி நிறுவனம். கால்வாய் மதகுகளின் துருப்பிடித்த இரும்பைத் தண்ணீருக்கு அடியில் வைத்தே வெட்டி ஒட்டுவது அவர்களின் வேலை. உலோக வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்திருந்த கம்சனா, இருபத்தாறு வயதில் அங்கே போய்ச் சேர்ந்தாள். ஆறு மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்றார்கள். ஒரு பெட்டைக்கு இதென்ன வேலை என்று சொந்தக்காரர் வீட்டுக்கு வீடு போன் போட்டுக் கதைத்தார்கள். கதைக்கட்டும். இருட்டுத் தண்ணீருக்குள் கையால் தடவித் தடவி ஒரு மரையாணியைக் கண்டுபிடிக்கும்போது வருகிற சந்தோசம் அவளுக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

மூன்றாம் மாதம் உடம்பு காலை வாரியது. இறுக்கமான ரப்பர் உடுப்பைக் கழற்றினால் கழுத்திலும் மணிக்கட்டிலும் சிவப்பாய்த் தடித்திருந்தது. முதலில் வியர்வை என்றாள். பிறகு சவர்க்காரம் என்று அதை மாற்றிப் பார்த்தாள். பிறகு கொப்புளம் போட்டு நீர் வடிந்தது, முழங்கால் மடிப்பில் தோல் உரிந்தது. சாப்பாட்டு மேசைக்குக் கீழே இடது மணிக்கட்டை முழங்காலில் உரசிக்கொண்டே சோறு தின்றாள்.

தோல் வைத்தியர் சொன்னது தெளிவான விசயம். அந்த உடுப்பின் ரப்பரிலும் பசையிலும் பல பொருட்கள் கலந்திருக்கின்றன, அவற்றில் ஏதோ ஒன்று இவளுக்கு ஒத்துவரவில்லை. எதுவென்று பெயர் தெரிந்தால், அது இல்லாத உடுப்பை வேலைக் காப்புறுதிக்காரர் எடுத்துக் கொடுப்பார்கள், வேலை தப்பும். தெரியாவிட்டால் தண்ணீருக்குள் இறங்க வைத்தியர் கையெழுத்துப் போடமாட்டார். ஆக, அவளுக்கு வேண்டியது ஒரேயொரு பெயர்.

அந்தப் பெயருக்காக ஏழு கிழமை காத்திருந்து ஒரு டெர்மின், பரிசோதனைக்கு ஒரு நாள், கிடைத்தது. திங்கட்கிழமை வைத்தியரின் உதவியாளர் லாரா அவளைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் இருபத்துநாலு மருந்துப் பொட்டுகளை மூன்று நிரையாக ஒட்டினாள். சுற்றிவரப் பேனையால் கோடு கீறி, ஒவ்வொன்றும் ஒரு பொருள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், தோல் எந்த இலக்கத்தில் சிவக்கிறதோ அதுதான் தேடுகிற பெயர் என்றாள். புதன்கிழமை கழற்றிப் பார்ப்போம், வெள்ளிக்கிழமை இன்னொருமுறை பார்ப்போம், அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

செவ்வாய்க்கிழமை பீலெஃபெல்டில் அன்னப்பிள்ளை மாமியின் செத்தவீடு. போகாமல் விட அவளால் முடியவில்லை. பள்ளிக்கூடத்து நீச்சல் வகுப்புக்கு விடமாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்ற காலத்தில், நீச்சலுடுப்பு வாங்கிவந்து கையில் வைத்தது அந்த மாமிதான். கம்சனா போனாள், அழுதாள், பின்னேரம் வீடு திரும்பினாள். வாசலில் அம்மா மங்கையற்கரசி மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அண்ணி ஆதிரையின் மூன்று மாதக் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

“பச்சைப்பிள்ளை கிடக்கிற வீடு. செத்தவீட்டால வந்து தோயாமல் உள்ளுக்க வர ஏலாது” என்றாள் அம்மா.

“முதுகு நனையக்கூடாதம்மா. ஏழு கிழமை காத்திருந்து எடுத்த டெர்மின்.”

தலையை மட்டும் குனிந்து கழுவுகிறேன், மற்றதைத் துணியால் துடைக்கிறேன் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். தலையில் வார்த்தது கால்வரை ஓடினால்தான் தோய்ச்சல் என்று அம்மா சொல்லிவிட்டாள். குழந்தைக்குப் போன கிழமைதான் காய்ச்சல் வந்து போயிருந்தது. அம்மாவைத் திட்டுவது லேசு. உண்மையைச் சொன்னால் கம்சனாவுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவள், தண்ணீருக்கடியில் இரும்பு வெட்டுகிறவள், ஒரு செத்தவீட்டுத் துடக்குக்குப் பயந்தாள். அந்தப் பயத்துக்காக அவள் பிறகு ஒருநாளும் தன்னை மன்னிக்கவில்லை.

ஆதிரை நல்ல மனசுக்காரி. சாப்பாடு மூடுகிற பிளாஸ்டிக் தாளை அவள் முதுகு முழுக்கச் சுற்றி, ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிட்டாள். கம்சனா இரண்டே நிமிடம் ஷவரின் கீழ் நின்றாள். வெளியே வந்து தாளை உரித்தபோது உள்ளே தண்ணீர் தேங்கி நின்றது. மூன்று நிரையும் கழன்று இடுப்பில் தொங்கின. கோடுகள் நீலமாய்க் கரைந்து வழிந்தன. ஐயோ என்று ஆதிரை வாயைப் பொத்திக்கொண்டாள்.

இனி என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் டெர்மின் போய்விடும் என்று கம்சனா நினைத்தாள். துடைத்து, நிரைகளைத் திரும்ப ஒட்டி, இருந்த இடம் இதுதான் என்று ஒரு குத்துமதிப்பில் கோடுகளையும் கீறிவிடச் சொன்னாள். அண்ணி பேனையை எடுத்துக் கீறினாள். புதன்கிழமை லாரா, நனைந்ததா என்று கேட்டாள். கம்சனா இல்லை என்றாள். எவ்வளவு சின்னச் சொல்!

வெள்ளிக்கிழமை முதுகு வெறுமையாக இருந்தது. ஒன்றும் காணவில்லை, ரப்பர் காரணமில்லை என்று அறிக்கை எழுதினார்கள். திங்கட்கிழமை முதலாளி அதை இரண்டு தடவை வாசித்தார். நல்ல மனிதர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் சொன்னார்: காரணம் இல்லையென்றால் வேறு உடுப்பும் இல்லை, காயத் தோலோடு உன்னை இறக்கவும் முடியாது, மாத முடிவோடு நிறுத்திக்கொள்வோம். மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

புதன்கிழமை காலை முதுகில் ஓரிடம் அரித்துக் கடித்தது. ஆதிரையைக் கூப்பிட்டுச் சட்டையை உயர்த்தினாள். சிவந்து தடித்து, நாணயம்போல் வட்டமாய் ஒரேயொரு பொட்டு. இது சிலருக்குப் பிந்தித்தான் வருமென்று லாரா முதல் நாளே சொல்லியிருந்தாள். கம்சனா சிரித்தாள், அழுதாள், செருப்பைக் கால்மாற்றி மாட்டிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினாள்.

டெர்மின் இல்லாமலே லாரா உள்ளே விட்டாள். படுக்கவைத்து, முதுகில் மிஞ்சியிருந்த கோடுகளின்மேல் இலக்கத் தாளை வைத்தாள். நகர்த்தினாள். திரும்ப வைத்தாள்.

“முதல் இரண்டு நிரைக்கும் நடுவில் நிற்கிறது. இப்படி வரவே வராது” என்றாள் லாரா. “இந்தக் கோடு நான் போட்டதா?”

கம்சனா முகத்தைத் தலையணையில் புதைத்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். செத்தவீட்டை, குழந்தையை, பிளாஸ்டிக் தாளை, இல்லை என்று சொன்ன பொய்யை. லாரா கோபிக்கவில்லை. ஐந்தாம் இலக்கமாக இருக்கலாம், பதின்மூன்றாம் இலக்கமாகவும் இருக்கலாம், தெரியாததை எழுத முடியாது என்றாள். திரும்பச் செய்வதென்றால் முதுகு ஆறவேண்டும், அடுத்த டெர்மின் செப்டெம்பரில்தான். இது மே மாதம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். குழந்தை சுகமாக இருந்தது. கம்சனா திரும்பி நின்று சட்டையை உயர்த்திக் காட்டினாள். மங்கையற்கரசி கிட்டவந்து அந்தச் சிவப்பைப் பார்த்தாள்.

“கடிக்குதோ பிள்ளை?”

“ஓம். அதுதான் அம்மா நான் தேடினது. பேர்தான் தெரியேல்ல.”

மங்கையற்கரசியின் கை முதுகுக்கு அருகில் வந்து, தொடப் பயந்து, அப்படியே நின்றது. கம்சனா சட்டையை இறக்கிவிட்டாள். வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ரப்பர் உடுப்பை எடுத்து மடித்தாள், நாளைக்கு முதலாளியிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும்.