மணல் விடாத பயறு

மோக் யூக்சிம்மின் வலது மணிக்கட்டை உடைத்தது குளியலறைத் தரை. மார்ச் மாதத்தில் தெற்குக் காற்று வந்துவிட்டால் ஷாம் ஷுய் போ பேட்டையில் சுவரெல்லாம் வியர்க்கும், தரையெல்லாம் வழுக்கும். அறுபத்தெட்டு வருஷமாக அங்கேயே இருப்பவளுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஒரு மிதியடி வாங்கிப் போடச் சொன்ன எதிர்வீட்டுக்காரியிடம், "வழுக்கி விழறதெல்லாம் உங்கள மாதிரி பார்த்து நடக்கத் தெரியாதவங்களுக்குத்தான்" என்று சொன்ன மறுநாள்தான் விழுந்தாள்.

எலும்பு கட்டும் வைத்தியர் மருந்து அரைத்துப் பூசி, பட்டை வைத்துக் கட்டி, ஆறு வாரம் அசைக்கக்கூடாது என்றார். அவர் கட்டிய கட்டும் யூக்சிம்முக்குப் பிடிக்கவில்லை. அவருடைய அப்பா காலத்தில் இதைவிட நேர்த்தியாகக் கட்டுவார்களாம். உலகத்தில் அவளுக்குக் குறையில்லாமல் தெரிந்தது ஒரே ஒரு ஆள்தான், அந்த ஆளுக்கு இப்போது ஒரு கைதான் இருந்தது.

எதிர்வீட்டுக்காரிதான் தங்கை போகியூவுக்குப் போன் செய்தாள். யூக்சிம் செய்யச் சொல்லவில்லை. ஆனால் நம்பரைத் தேடி எடுத்து மேஜைமேல் கண்ணில் படும்படி வைத்தது அவள்தான்.

அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. கடைசியாகப் பேசியது போகியூவின் கணவன் கம்ஃபாயின் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில். பதினாலு பேர். கடைசியில் இனிப்பாக, போகியூ கைப்பட வேகவைத்த சிவப்புப் பயற்றுக் கஞ்சி வந்தது. அதற்கான பயற்றைக் கொடுத்ததே யூக்சிம்தான். கடைப் பயறு வெறும் குப்பை, நான் பொறுக்கி வைத்ததில் தருகிறேன் என்று ஒரு பை கட்டிக் கொடுத்திருந்தாள். அந்தக் கஞ்சியை ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "இது என்ன, துப்பாக்கிக் குண்டா? பல்செட் போட்டவங்க யாரும் தொடாதீங்க. அம்பத்தாறு வயசுல ஒரு பயறு வேகவைக்கத் தெரியல, இவகிட்ட இந்த மனுஷன் அறுபது வரைக்கும் உயிரோட இருக்காரே, அதுக்குத்தான் இந்த விருந்து" என்றாள்.

மேஜையே குலுங்கியது. கம்ஃபாயும் சிரித்தான். போகியூ மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு புத்தாண்டுக்கு அவள் வரவில்லை. அப்பா அம்மா சமாதியைத் துடைக்கவும் வேறு நாளில் போய் வந்தாள். யூக்சிம் போகும்போது சமாதி சுத்தமாக இருக்கும். அதையும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மூலையில் புல்லை விட்டுவிட்டாள் பார் என்று பக்கத்துச் சமாதிக்கு வந்தவர்களிடம் காட்டுவாள்.

செவ்வாய்க்கிழமை காலை போகியூ வந்தாள். அக்காவின் சட்டையைக் கழற்றினாள், துவைத்தாள், வேறு சட்டை போட்டுப் பொத்தான் மாட்டினாள், தலை சீவிவிட்டாள். யூக்சிம்தான் பேசிக்கொண்டே இருந்தாள். வகிடு கோணல், சோப்பு அதிகம், துணியை உதறாமல் காயப்போட்டால் சுருங்கும்.

மதியம் ஒரு மணிக்குப் போகியூ பையைத் தோளில் மாட்டினாள்.

"சரிக்கா, நான் கிளம்பறேன்."

யூக்சிம் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டாள். நேற்று ஒரு நாள் முழுக்கப் பொத்தான் போடாத சட்டையோடு, சாப்பிடும் குச்சியைப் பிடிக்க வராமல், குழந்தை மாதிரி கரண்டியால் சோற்றை அள்ளிப் பாதியைக் கீழே சிந்தித் தின்றிருந்தாள். இன்னும் ஆறு வாரம். நாளைக்கும் வா என்று இரண்டு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த இரண்டு வார்த்தை மட்டும் அவளுக்கு வரவில்லை. மற்றதெல்லாம் சரளமாக வரும்.

"சிவப்புப் பயற்றுக் கஞ்சி குடிக்கணும்போல இருக்கு" என்றாள்.

அது வேக மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் எப்படியாவது கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

போகியூ அக்காவைப் பார்த்தாள். பையை இறக்கினாள். "பயறு எங்க?"

"மேல் தட்டுல ரெண்டு பாட்டில் இருக்கும் பாரு. இடது பக்கம் கஞ்சிக்கு. வலது பக்கம் இருக்கறது உடம்புல ஈரம் இறக்கற சூப்புக்கு. மாத்தி எடுத்துத் தொலைக்காத."

இரண்டும் சிவப்புதான். ஒன்று உருண்டை, பொறுமையாக வேகவைத்தால் பிளந்து மணல் மணலாகக் கரையும், கஞ்சிக்கு அதுதான். இன்னொன்று ஒல்லி, நடுவில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும், மருந்துக்கடைச் சரக்கு. இந்த மாதிரி ஈரக் காற்று நாளில் எலும்போடு போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். அதை நாள் முழுக்க அடுப்பில் வைத்தாலும் மணல் விடாது. இது அந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

போகியூ இடது பாட்டிலைத் திறந்தாள். கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதுதானா அக்கா?"

"ஏன், பயறுன்னா என்னன்னு இன்னைக்குத்தான் பாக்கறியா?"

"நிச்சயமா இதுதானா?"

"அடியே, நானே வாங்கி, நானே பொறுக்கி, நானே பாட்டில்ல போட்டது. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

கண்ணைத் திறந்துகொண்டும் அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்து எட்டு வருஷம் ஆகிறது. போட்டால் கிழவி மாதிரி இருக்கிறது என்று டிராயரில் கரண்டிகளோடு கிடந்தது.

போகியூ பாட்டிலைச் சாய்த்து ஒரு பாத்திரத்தில் கொட்டினாள். பயற்றைக் கழுவிப் பானையில் போட்டாள். மணத்துக்குப் போடும் காய்ந்த ஆரஞ்சுத் தோலை ஊறவைத்து, கத்தியின் முதுகால் உள்வெள்ளையைச் சுரண்டினாள். யூக்சிம் கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்தபடி ஸ்டூலை அடுப்படிக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அவ்வளவு சுரண்டினா தோலே மிஞ்சாது. பன்னெண்டு வருஷத் தோலுடி அது, உன் வீட்டு உருளைக்கிழங்கு இல்ல."

"சரி."

"தண்ணி பத்தாது. பாதியில பச்சைத் தண்ணி ஊத்தினேன்னு வெச்சுக்கோ, அப்புறம் பயறு முறைச்சுக்கும்."

"சரிக்கா."

"தீ ஏன் இப்படி எரியுது? பயறு வேகவைக்கறியா, வீட்டக் கொளுத்தறியா?"

போகியூ தீயைக் குறைத்தாள். ஒரு மணி நேரம் ஆனது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து வழிந்தது. நாளைக்கும் வா என்பதை யூக்சிம் இரண்டு தடவை தொண்டை வரைக்கும் கொண்டுவந்தாள். முதல் தடவை அது, "உன் மருமக இப்பவும் ஓட்டல்லதான் சாப்பாடு வாங்கறாளா?" என்று வெளியே வந்தது. இரண்டாம் தடவை, "நீ ரொம்ப இளைச்சுட்ட, உனக்கு இது எடுப்பா இல்ல" என்று வந்தது. தன் நாக்கின்மேல் அவளுக்கே ஆத்திரமாக இருந்தது. ஆனால் அது அவள் நாக்கு, அதனால் குறை சொல்லவில்லை.

மூன்று மணி நேரம் ஆனது. யூக்சிம் இடது கையால் கரண்டியை வாங்கிப் பானையைக் கிளறினாள். அடியில் கலகலவென்று சத்தம் கேட்டது. ஒரு பயற்றை எடுத்துக் கடித்தாள். கல்.

"கற்கண்ட முன்னாடியே போட்டுட்டியா?"

"இன்னும் போடவே இல்ல."

"பச்சைத் தண்ணி ஊத்தினியா?"

"நீதான் பக்கத்துலயே உக்காந்திருக்கியே."

"அப்புறம் ஏன்டி வேகல?" யூக்சிம்முக்குப் பழைய சுதி ஏறிவிட்டது. "சிலரோட கை அப்படி. நல்ல சரக்கக் குடுத்தாலும் பாழாக்கற கை. மூக்குப் பிடிக்கத் திங்கத் தெரியுது, ஒரு பிடி பயற மணலாக்கத் தெரியல. ஆறு வருஷம் வீட்டுல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே, அந்த நேரத்துல இதையாவது கத்துக்கிட்டிருக்கலாம்ல?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆறு வருஷத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக்கூடாது என்று காலையில் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள்.

போகியூ அடுப்பை அணைத்தாள். கற்கண்டைப் போட்டுக் கரைத்தாள். இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். கரண்டி எடுக்க டிராயரைத் திறந்தவள், கண்ணாடியையும் எடுத்தாள். சட்டை ஓரத்தில் துடைத்து, அக்காவின் மூக்கில் மாட்டி, காதுக்குப் பின்னால் சரிசெய்தாள். ஒரு கையோடு இருப்பவளால் தடுக்க முடியவில்லை.

"இப்பப் பாரு."

யூக்சிம் கிண்ணத்தைப் பார்த்தாள். மெல்லிய சிவப்புத் தண்ணீர். அடியில் ஒல்லி ஒல்லியாக, நடுவில் வெள்ளைக் கோட்டோடு, ஒன்றுகூடப் பிளக்காமல் பயறு கிடந்தது. அந்தப் பயற்றை அவள் நாற்பது வருஷமாக எலும்புச் சூப்பில் போட்டிருக்கிறாள்.

"யார் பாட்டில மாத்தி வெச்சது?"

"இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

"ஏன்டி, தெரிஞ்சுக்கிட்டேவா போட்ட? மூணு மணி நேரம் கேஸ எரிச்சு?"

"ரெண்டு தடவை கேட்டேன். இதுதான்னு சொன்ன." போகியூ ஈரக் கையைத் துண்டில் துடைத்தாள். "போன தடவையும் நீதான் சொன்ன."

போன தடவை. யூக்சிம் மேல் தட்டைப் பார்த்தாள். அன்றைக்குப் பை கட்டியதும் இதே தட்டிலிருந்துதான், இதே இடது பாட்டிலிலிருந்துதான். அதற்கப்புறம் தனக்காக அவள் கஞ்சி வைத்ததே இல்லை.

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"பையப் பிரிச்சதுமே தெரியும். வேற வாங்கிட்டு வரலாம்னு செருப்புகூடப் போட்டுட்டேன். அப்புறம், அக்கா ஆசையாப் பொறுக்கிக் குடுத்திருக்கா, மாத்தினா அவளுக்குத் தெரிஞ்சு வருத்தப்படுவான்னு திரும்பி வந்து இதையே போட்டேன். ராத்திரியே ஊறவெச்சு, காலையிலேருந்து வேகவெச்சேன். நீ கடிச்சதும் உனக்கே புரியும், என்னப் பாத்துச் சிரிப்பன்னு நினைச்சேன்."

"சிரிச்சேனே" என்று வந்தது யூக்சிம்முக்கு. அதை எப்படியோ விழுங்கினாள். வாழ்க்கையில் அவள் விழுங்கிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாமே, என் பயறுதான்னு."

"பதினாலு பேர் முன்னாடியா? உன் மூக்க உடைக்கவா?" போகியூவின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "எனக்கு அந்த மாதிரி வராதுக்கா."

யூக்சிம் கிண்ணத்தை இழுத்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு கரண்டி. தாடை வலித்தது. கண்ணாடிக்குள் ஆவி படிந்ததா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அரைக் கிண்ணம் காலியாகும்வரை போகியூ பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"போகியூ." யூக்சிம் எழுந்தாள். "நாளைக்கு வா."

"எதுக்கு?"

"பொத்தான் போட. எனக்கு முடியல." நிறுத்தினாள். "நான் தப்புப் பண்ணிட்டேன்."

"அத என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்குத்தான் ஆறு வருஷமாத் தெரியுமே. சிரிச்சவங்ககிட்ட சொல்லு."

கதவு திறந்தே இருந்தது. படிக்கட்டிலிருந்து ஈரக் காற்று உள்ளே வந்தது. யூக்சிம் இடது கையால் போனை எடுத்தாள். கண்ணாடி இருந்ததால் கம்ஃபாயின் பெயர் உடனே தெரிந்தது. ஒரு விரலால் அழுத்தினாள்.

"கம்ஃபாய், நான்தான். உங்க அறுபதுக்கு வந்த அந்தப் பயறு என்னோடது. நான்தான் மாத்திக் குடுத்தேன். போகியூ மேல தப்பில்ல."

அந்தப் பக்கம் டிவி சத்தம். பிறகு கம்ஃபாய் கேட்டான்: "எந்தப் பயறு அண்ணி?"

அவனுக்கு நினைவே இல்லை. யூக்சிம் போனைக் கையில் பிடித்தபடி தங்கையைப் பார்த்தாள். இத்தோடு விட்டுவிடச் சொல்வாள் என்று எதிர்பார்த்தாள்.

"மறந்துட்டாரா? அப்ப ஞாபகப்படுத்து" என்றாள் போகியூ. "நீ என்னென்ன சொன்னேன்னு ஒண்ணு விடாமச் சொல்லு. துப்பாக்கிக் குண்டுலேருந்து ஆரம்பி."

யூக்சிம் ஆரம்பித்தாள். அம்பத்தாறு வயசு என்று சொல்லி நின்றாள். போகியூ அசையவில்லை. யூக்சிம் மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

போகியூ கதவைச் சாத்திவிட்டுப் பையை இறக்கினாள்.