மாப்பிள்ளை சஷ்டியன்று ஒழுகிய குழாய்

தீபங்கர் இல்சா மீனின் முள்ளை உறிஞ்சும் சத்தம் சமையலறை வரை கேட்டது. அதே மீனின் செதிலும் குடலும் தண்ணீரில் மிதந்து வந்து என் காலில் ஒட்டிக்கொண்டிருந்தன.

மாப்பிள்ளை சஷ்டி. கொல்கத்தாவில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடுகளில் அன்றைக்கு மாப்பிள்ளைதான் சாமி. தீபங்கர் என் நாத்தனார் கணவன். குழாய்க் கடை வைத்திருப்பவன். ஆமாம், குழாய்க் கடை! அவன் கூடத்தில் உட்கார்ந்து தின்ன, குழாயைப் பற்றி அட்சரம் தெரியாத என் கணவர் அனிமேஷ் ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குழாயின் கழுத்திலிருந்து தண்ணீர் அவர் முகத்தில் பீச்சியது.

"வால்வை மூடிட்டுப் பண்ணலாம்ல?" என்றேன்.

"மூடிட்டா மாப்பிள்ளை எதுல கை கழுவுவாரு?" மாப்பிள்ளைக்கு வீசிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தாமல் கூடத்திலிருந்து மாமியார் கத்தினார். "மானம் போயிடும்."

"அப்ப அவரையே கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க, அத்தை."

"வாயைக் கழுவு! இன்னைக்கா மாப்பிள்ளைய வேலை ஏவுறது?"

தீபங்கர் எழுந்திருக்கவில்லை. "இடப்பக்கமா திருப்புங்கண்ணா," என்று கறியை மென்றபடி யோசனை சொன்னான். அனிமேஷ் திருப்பினார். தண்ணீர் இன்னும் வேகமாகப் பீச்சியது. "ஐயையோ, வலப்பக்கம்," என்று சிரித்தான். வாயிலிருந்து சோற்றுப் பருக்கை தெறித்தது. சீ, இதுவும் ஒரு பிறவியா!

என் தவிப்பு வேறு. சந்தன்நகரில் என் அம்மாவும் ஒரு மாமியார்தான். மாப்பிள்ளை நெற்றியில் தயிர்ப் பொட்டு வைக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அதுவும் சர்க்கரை வியாதிக்காரி. காலை ரயிலைப் பிடித்திருக்க வேண்டிய அவள் மாப்பிள்ளை இங்கே மீன் குடலில் மண்டியிட்டிருக்கிறார். என் மாமியாரோ பொட்டு வைத்த கையோடு லூச்சிப் பூரிகளை உள்ளே தள்ளி ஏப்பமும் விட்டாயிற்று.

போன் அடித்தது. அம்மாதான். "கிளம்பிட்டீங்களாம்மா?" அவள் நாக்குக் குழறியது. "லேசா கண்ணை இருட்டுது, வேற ஒண்ணுமில்ல."

"ஏதாவது சாப்பிடும்மா. உன் கால்ல விழறேன்."

"மாப்பிள்ளை வரட்டும்டி."

எனக்கு எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது, அம்மா மேலும்தான். போனைத் துண்டிக்காமலே மாடிக்கு ஓடித் தொட்டி வால்வை இறுக மூடினேன். கீழே வந்தபோது தீபங்கர் மணிக்கட்டு வரை கடுகு விழுதோடு கை கழுவ வந்து நின்றான்.

"அண்ணி, தண்ணி வரலையே?"

கணவரிடமிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி அந்தக் கடுகுக் கையிலேயே வைத்தேன். "ரிப்பேர் பண்ணிட்டுத் திறந்துக்கங்க. எங்கம்மா அங்க மயங்கிக் கெடக்கறா."

"அடிப்பாவி, மாப்பிள்ளை கையில ஸ்பேனரா!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

அனிமேஷ் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என் போனை வாங்கினார். "அம்மா, நான் மாப்பிள்ளை பேசறேன். இதோ கிளம்பிட்டோம். ஒரு சந்தேஷ் ஸ்வீட்ட எடுத்து இப்பவே வாயில போடுங்க. நான் சொல்றேன், போடுங்க."

டப்பா மூடி திறக்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, "போட்டுக்கிட்டேன் மாப்பிள்ளை," என்றாள் அம்மா.

எனக்கு உயிர் வந்தது. கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. பெற்ற மகள் காலில் விழுகிறேன் என்றபோது இறங்காதது, அவர் ஒரு வார்த்தை சொன்னதும் இறங்கிவிட்டது.